மரம் நடுவதற்கு முன் ஒரு வருடம் சும்மா இருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் யாஸ் ஊருக்குப் பக்கத்தில் நூறு ஏக்கர் பழைய ஆட்டு மேய்ச்சல் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். ஆடுகளை வெளியேற்றியாகிவிட்டது. அதைக் காடாக்கி, அழிந்துவரும் சூப்பர்ப் கிளிக்கும் ரீஜென்ட் ஹனியீட்டர் என்ற தேன்குடிக்கும் பறவைக்கும் விட்டுவிட ஆசை. எத்தனை மரம் நட வேண்டும், எத்தனை வருடத்தில் பறவைகள் வரும் என்று கேட்கிறீர்கள். கேட்டிருப்பது மரக் கணக்கு. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, மரம் நட்டால் அவை வந்துவிடுமா என்பது. மரத்தை மட்டும் நட்டால் வராது. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதில். நான் இந்தப் பகுதி மேய்ச்சல் நிலங்களில் பதினைந்து வருடத்துக்கு மேலாக இதே வேலை பார்க்கிறேன். படித்தது தாவரவியல், பறவையியல் அல்ல. உங்கள் நிலத்தையும் நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காடு என்ற சொல்லை ஓரமாக வைப்போம். உங்கள் நிலத்தில் 200 வருடங்களுக்கு முன் இருந்தது, அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வரும் அடர்காடு அல்ல. கிளையோடு கிளை உரசாத இடைவெளியில் பெரிய பெரிய மரங்கள், அடியில் முழங்கால் உயரப் புல், புல்லுக்கு நடுவே லில்லியும் ஆர்க்கிடும் போன்ற சின்னப் பூச்செடிகள், அங்கங்கே வாட்டில் என்ற வேல வகைப் புதர். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு பிடிபடும். கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே வெள்வேல மரம் தனித்தனியாக நிற்குமே, அந்த மாதிரி. இங்கே வெள்வேலத்துக்குப் பதில் யெல்லோ பாக்ஸ், ஒயிட் பாக்ஸ், பிளேக்லீஸ் ரெட் கம் என்று மூன்று வகை யூகலிப்டஸ். தைல மரம் என்றதும் நம்மூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நீலகிரிப் புல்வெளியில் அதையும் சீகையையும் கொண்டுபோய் நட்டுவிட்டு நாம் படும் பாடு அப்படி. சொந்த மண்ணில் அந்த மரத்தின் குணமே வேறு. நுன்னவால் பழங்குடி மக்கள் துண்டு துண்டாகத் தீயிட்டுப் பேணிவந்த நிலம் இது. தெற்குக் குவீன்ஸ்லாந்திலிருந்து விக்டோரியா வரை பரந்திருந்த இந்த மரப்புல்வெளியில் நல்ல நிலையில் எஞ்சியிருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. 2006-இல் ஆஸ்திரேலிய அரசு இதை அழிவின் விளிம்பில் இருக்கும் சூழல் என்று சட்டப்படி பட்டியலில் சேர்த்தது. நல்ல மண், அளவான மழை, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத நிலம். கோதுமைக்கும் ஆட்டுக்கும் இதைவிட வாகான இடம் ஏது? அதனால்தான் இது முதலில் போனது.

ஆடு வந்ததும் நடந்ததில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை வெட்டிப் பட்டுப்போக விட்டார்கள். நிழலுக்காக ஒன்றிரண்டை விட்டுவைத்தார்கள். அவற்றின் அடியில் முளைத்த கன்றையெல்லாம் ஆடு மேய்ந்துவிட்டது. ஆக உங்கள் நிலத்தில் தாத்தா மரங்கள் இருக்கும், பேரன் மரங்கள் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேய்ச்சலைக் கொழிக்க வைக்க இங்கே சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கொட்டினார்கள், விமானத்திலிருந்தும் தூவினார்கள். கூடவே மத்தியதரைக் கடல் பக்கத்து குளோவர் செடியை விதைத்தார்கள். அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். உரம் போட்டால் மண்ணுக்கு நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் இந்த நாட்டுச் செடிகள் ஏழை மண்ணில் வாழப் பழகியவை. மண் கொழுத்தால் அவை கொழுப்பதில்லை. காட்டு ஓட்ஸ், பேட்டர்சன்ஸ் கர்ஸ் போன்ற வெளிநாட்டுக் களைகள்தான் கொழுக்கின்றன. ஆட்டைத் துரத்திவிடலாம். அது விட்டுப்போன பாஸ்பரஸ் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம், உங்கள் நிலத்தின் பெரிய சொத்து ஏற்கெனவே அங்கே நிற்கும் கிழட்டு மரங்கள் என்பது. பாதி பட்டுப்போய், கிளை முறிந்து, பார்க்க அலங்கோலமாக இருப்பவையும் சேர்த்து. இன்னும் சொன்னால், முழுக்கச் செத்து நிற்பவையும் சேர்த்துத்தான். சூப்பர்ப் கிளி மரப்பொந்தில்தான் முட்டையிடும். அது மட்டுமல்ல, ஆஸ்திரேலியாவில் முதுகெலும்புள்ள உயிரினங்களில் சுமார் 300 மரப்பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் இந்தக் கண்டத்தில் மரங்கொத்தியே கிடையாது. நம் ஊரில் மரங்கொத்தி ஒரு பருவத்தில் கொத்திக் கொடுக்கும் பொந்தை இங்கே கிளை முறிவும் பூஞ்சையும் கரையானும் தீயும் சேர்ந்து மெல்ல மெல்லக் குடைய வேண்டும். கிளி நுழையும் அளவு பொந்து உண்டாக நூறு வருடத்துக்கு மேல் ஆகலாம். நீங்கள் இன்று நடும் கன்றில் கிளி முட்டையிடுவதை உங்கள் கொள்ளுப்பேரன் பார்த்தால் உண்டு.

பெட்டி வைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். ஹியூம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய பொந்து மரங்களுக்கு ஈடாக நூற்றுக்கணக்கான மரப்பெட்டிகளை மாட்டினார்கள். சூப்பர்ப் கிளி உட்பட மூன்று உயிரினங்களுக்காக. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில வருடங்கள் திறந்து திறந்து பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்காக மாட்டினார்களோ அவை ஏறக்குறைய வரவேயில்லை. சாதாரண உயிரினங்கள் வந்து குடியேறின, பல பெட்டிகள் கழன்று விழுந்தன. பெட்டி முழு வீண் என்று நான் சொல்லவில்லை, வேறு சில உயிர்களுக்கு அது உதவுகிறது. உங்கள் கிளிக்கு அதை நம்பாதீர்கள் என்கிறேன்.

ஆகவே முதல் வருடம் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பெரிய மரத்தையும் குறித்து வையுங்கள். அதைச் சுற்றித் தாராளமாக வேலி போடுங்கள். பக்கத்து ஆடு வரக்கூடாது, கங்காருவும் அளவோடுதான். யூகலிப்டஸ் விதை காற்றில் வெகுதூரம் போவதில்லை, தாய் மரத்தை ஒட்டியே விழும். நல்ல மழை வருடமாக அமைந்தால், ஆடு போன இடத்தில் விதை தானாக முளைப்பதைப் பார்ப்பீர்கள். காசில்லாமல், அந்த மண்ணுக்கே உரிய கன்றுகள். அதற்குள் நீங்கள் டிராக்டரை ஓட்டியிருந்தால் அவை போச்சு.

விழுந்து கிடக்கும் கட்டைகளையும் தொடாதீர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனதோடு "விறகுக்கு எடுத்துக்கறேன், இடமும் சுத்தமாகும்" என்பார். யெல்லோ பாக்ஸும் ரெட் கம்மும் இங்கே முதல் தர விறகு. சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். கான்பெராவின் வட எல்லையில் மல்லிகன்ஸ் ஃபிளாட் என்ற காப்பகம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு மணி நேர ஓட்டம், ஒரு முறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். அதுவும் முன்பு மேய்ச்சல் நிலம்தான். அங்கேயும் அதை ஒட்டிய காப்பகத்திலும் தரையில் கட்டை இல்லாத குறையைப் போக்க 2000 டன் மரக்கட்டைகளை லாரியில் கொண்டுவந்து போட்டார்கள். கட்டை போட்ட இடங்களில் வண்டினங்களும் சின்னப் பல்லி வகைகளும் கூடின. பூச்சி கூடினால் தரையில் இரை தேடும் பறவைக்குச் சோறு. 2000 டன்னை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது அவர்களுக்கு. உங்களுக்கு இலவசமாகக் கிடக்கிறது.

அடுத்தது புல். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். ஆட்டை நிறுத்தியதும் நிலம் தானாகத் தேறிவிடும் என்பது பாதி உண்மை. உரம் அதிகம் விழாத மேட்டுப் பகுதிகளில் தேறும். கொழுத்த பள்ளப் பகுதிகளில் ஆடு போனதும் பலாரிஸ் என்ற மேய்ச்சல் புல் இடுப்பளவு வளர்ந்து மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அங்கே நீங்கள் விரும்புவது கங்காரு புல். நீலகிரிப் புல்வெளியிலும் இதே இனம் உண்டு. அது ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் மண்ணின் நைட்ரேட்டை உறிஞ்சிக் குறைவாகவே வைத்திருக்கும், களை தலைதூக்காது. சிக்கல் அதை வேர்பிடிக்க வைப்பதில்தான். சுசான் ப்ரோபர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு விசித்திரமான வேலை செய்து பார்த்தார்கள். நிலத்தில் சர்க்கரை தூவினார்கள், டீக்குப் போடுவோமே அதேதான். மண்ணின் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று பெருகும்போது நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். களைக்குப் பட்டினி, கங்காரு புல்லுக்கு வழி. முறை வேலை செய்தது. ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ, அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏக்கருக்கு ஒரு தடவைக்கே 2 டன். நூறு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நீங்கள் சர்க்கரை ஆலையைத்தான் வாங்க வேண்டியிருக்கும். வீட்டுப் பக்கத்தில் கால் ஏக்கரில் செய்து பார்க்கலாம், அங்கிருந்து விதை எடுத்துப் பரப்பலாம். விக்டோரியாவில் கொழுத்த மேல் மண்ணைச் சில அங்குலம் வழித்து எடுத்துவிட்டு அடிமண்ணில் நாட்டுப் புல்லையும் பூச்செடிகளையும் விதைக்கிறார்கள். அது நன்றாகவே வருகிறது, ஆனால் சரிவான நிலத்தில் மண்ணரிப்பு பயம் உண்டு.

இன்னொன்று சொன்னால் திட்டுவீர்கள். துரத்திய ஆட்டைக் கொஞ்ச நாள் திரும்பக் கூப்பிட வேண்டியும் வரலாம். வசந்தத்தின் தொடக்கத்தில், ஓட்ஸ் விதை கட்டுவதற்கு முன் சில வாரம் நெருக்கமாக மேய விட்டு உடனே வெளியேற்றினால் களை அடங்கும். கெடுத்தது ஆடு அல்ல, வருடம் முழுக்க ஓய்வில்லாமல் மேய விட்டதுதான். ஆனால் கன்றுகள் முளைத்திருக்கும் வேலிக்குள் இது கூடாது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தொடக்க காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் அமைப்புக்காக வேலியோரமாக இரண்டு மூன்று வரிசை யூகலிப்டஸ் நட்டோம். சீராக, அழகாக, இடையில் புதரே இல்லாமல். மரம் நன்றாக வந்தது. கூடவே நாய்சி மைனர் கூட்டமும் வந்தது. பெயரைப் பார்த்து நம் மைனா என்று நினைக்காதீர்கள். நம் மைனா 1860-களில் மெல்போர்னுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கே பெருத்த வந்தேறி, இதுவோ மண்ணின் மைந்தன். தேன்குடிக்கும் பறவைகளில் ஓர் இனம், கூட்டமாக வாழ்ந்து தன்னைவிடச் சிறிய பறவை எதையும் அந்த இடத்தில் நிற்கவிடாமல் விரட்டும். தன்னைவிடப் பெரியவற்றோடும் மல்லுக்கு நிற்கும். மெல்லிய மரவரிசை, நிறைய விளிம்பு, அடியில் வெட்டவெளி என்றால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் வரிசைகளில் வேறு குருவிச் சத்தமே இல்லை. 2014-இல் இந்தப் பறவையின் அராஜகத்தை மற்ற இனங்களுக்கான முக்கிய அச்சுறுத்தல் என்று அரசே பட்டியலில் சேர்த்தது. சுட்டுக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. பல இடங்களில் காலியான இடத்தைப் பக்கத்துக் கூட்டம் வந்து விரைவில் நிரப்பிவிட்டது. அதனால் நடும்போது வரிசையாக நடாதீர்கள், அகலமான திட்டுகளாக நடுங்கள். ஏற்கெனவே மரம் இருக்கும் இடத்தை ஒட்டி நடுங்கள். வாட்டில், பர்சேரியா போன்ற முள்ளும் அடர்த்தியுமான புதர்களைக் கலந்து நடுங்கள். சின்னப் பறவைக்கு ஒளிய இடம் வேண்டும்.

புல்லுருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் அது வசவுச் சொல், இங்கேயும் விவசாயிகள் அதை வெட்டி எறிவார்கள். சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் வாட்சன் தெற்கு நியூ சவுத் வேல்ஸில் சில மரத்தோப்புகளில் புல்லுருவியை முழுதாக அகற்றிவிட்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தார். அங்கே பறவை இனங்கள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதன் பூவும் பழமும் மட்டும் காரணமல்ல. சத்துள்ள அதன் இலை தரையில் உதிர்ந்து பூச்சிக்கு உணவாகிறது, பூச்சி பறவைக்கு. தனி மரம் ஒன்றில் அளவுக்கு மீறித் தொங்கி மரமே தள்ளாடினால் கொஞ்சம் கழிக்கலாம். மற்றபடி அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை சொன்னது ஓரளவு உறுதியானது. இனி சந்தேகமான பகுதி. விதை எங்கிருந்து எடுப்பது என்பதில் நாங்களே இரு கட்சி. பக்கத்து மரத்து விதைதான் நல்லது என்பது பழைய பாடம். வெப்பம் கூடிக்கொண்டே போகும்போது, இன்று யாஸைவிடச் சூடான, வறண்ட இடங்களில் வளரும் அதே இன மரத்தின் விதையையும் கலக்க வேண்டும் என்பது புதிய வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரு யூகலிப்டஸின் ஆயுளோடு ஒப்பிட்டால் அந்தப் பரிசோதனைகள் இன்னும் கைக்குழந்தை. நானாக இருந்தால் பெரும்பகுதி பக்கத்து விதை, கொஞ்சம் வடமேற்குப் பக்கத்து விதை என்று கலப்பேன். இது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

வாழ்விடம் சரியானால் உயிர் வந்துவிடும் என்பதும் அப்படியொன்றும் உறுதியில்லை. மல்லிகன்ஸ் ஃபிளாட்டில் அவ்வளவு கட்டையும் போட்ட பிறகு, 2009-இல் பிரவுன் ட்ரீகிரீப்பர் என்ற சிறு பறவையைப் பிடித்துவந்து விட்டார்கள். அது அங்கே நிலைக்கவில்லை. அதே இடத்தில் 11.5 கிலோமீட்டர் வேலி போட்டு நரியையும் பூனையையும் ஒழித்த பிறகு, 2012 வாக்கில் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்த பெட்டாங் நன்றாகப் பெருகியது. இது முயல் அளவுள்ள குட்டிக் கங்காரு இனம், மண்ணைத் தோண்டிப் பூஞ்சைக் கிழங்கைத் தின்னும். 2016-இல் குவால் என்ற புள்ளி போட்ட சிறு ஊனுண்ணியை விட்டார்கள், 1960-களில் ஆஸ்திரேலிய நிலப்பரப்பிலிருந்தே மறைந்துபோனது அது. ஆண்கள் வேலியேறிக் குதித்து வெளியே போய் நரி வாயில் விழுந்தன. அடுத்த முறை குட்டி சுமந்த தாய்களை மட்டும் விட்டார்கள், அவை தங்கின. தேர்ந்த ஆட்களே இப்படித் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொள்கிறார்கள். நூறு ஏக்கருக்கு நரி வேலி என்பது உங்கள் கைக்கு மீறிய செலவு, அந்தக் கனவை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுப் பூனையை மட்டும் உள்ளேயே வையுங்கள்.

ரீஜென்ட் ஹனியீட்டரைப் பற்றி வருத்தமான செய்திதான். உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கின்றன. 2021-இல் வந்த ஆய்வின்படி, ஆண் பறவைகளில் எட்டில் ஒன்று தன் இனத்துப் பாட்டையே மறந்து வேறு பறவைகளின் பாட்டைப் பாடுகிறது, சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாததால். விக்டோரியாவின் லர்க் குன்றுகளில் இந்தப் பறவைக்காகவே 1990-களிலிருந்து தன்னார்வலர்கள் மரம் நடுகிறார்கள். பலன் கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் வேறு உயிர்களுக்கு. சாம்பல் தலைச் சிலம்பன் என்ற பறவை அங்கே பெருகியது, ஹனியீட்டர் அபூர்வம். உங்கள் யெல்லோ பாக்ஸ் பூத்துக் குலுங்கும் ஒரு வருடத்தில் அது வழி தவறி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், திட்டத்தில் எழுத வேண்டாம். சூப்பர்ப் கிளியோ உங்கள் பக்கத்துப் பறவை. பழைய மரமும் நாட்டுப் புல் விதையும் இருந்தால் அதை எதிர்பார்ப்பது நியாயம்.

சரி, எண்ணைச் சொல்லியே தீர வேண்டும் என்றால், நூறு ஏக்கரில் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் நான் மரமே நட மாட்டேன். அந்த இடம் புல்லுக்கும், தாய் மரங்களின் சொந்த வாரிசுகளுக்கும். மிச்சத்தில் திட்டுத் திட்டாகக் கன்றும் நேரடி விதைப்பும் கலந்து, எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யாமல் நான்கைந்து வருடத்துக்குப் பிரித்துச் செய்வேன். ஒரு வறட்சி வந்தால் எல்லாம் ஒருசேரப் போகாது. புதர் தலையெடுத்த சில வருடங்களிலேயே ரென், தார்ன்பில் போன்ற குட்டிப் பறவைகள் வந்துவிடும். அடுத்தவை வருவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் பொறுங்கள். இதற்கிடையில் நில விற்பனையோ வாரிசுச் சண்டையோ எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம். நியூ சவுத் வேல்ஸில் நிலத்தின் மேலேயே எழுதப்படும் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு, மாநிலத்தின் உயிர்ப்பன்மை அறக்கட்டளையிடம் விசாரியுங்கள். விதை சேகரிக்கும் முன் அனுமதி தேவையா என்று உள்ளூர் நிலச் சேவை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று மூன்று இடத்து மேல் மண்ணைத் தனித்தனிப் பையில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவில் கோல்வெல் பாஸ்பரஸ் என்று ஒரு வரி இருக்கும், செடிக்குக் கிடைக்கும் பாஸ்பரஸின் அளவு அது. அந்த மூன்று எண்ணையும் இங்கே எழுதினால், எந்தத் துண்டில் புல்லை நம்பலாம், எந்தத் துண்டில் களையோடு மல்லுக்கட்டாமல் நேராகப் புதரும் மரமும் போட்டுவிடலாம் என்று பேசலாம்.